பாட்டு கேட்டா வராது

அக்கா பொண்ணு போன வாரம் போன் பண்ணா. காலேஜ்ல ஏதோ ப்ராஜெக்டாம், ஊர்ல இருக்க பெரியவங்ககிட்ட பழைய கதை, பாட்டு, தொழில் விவரம் எல்லாம் ரெக்கார்டு பண்ணிட்டு வரணுமாம், "மாமா நீங்கதான் இதே வேலையா அலையிறீங்களே, ஒரு கேள்வி லிஸ்ட் இருந்தா வாட்ஸப்ல தட்டி விடுங்க"ன்னா. அப்படி ஒரு லிஸ்ட்டே என்கிட்ட இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா, குடுக்க மனசு இல்லாம சொல்றேன்னு நெனச்சிருப்பா. சரி போன்ல சொல்லி முடியாது, எழுதியே போட்டுடலாம்னு உக்காந்தேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

பொதுவா எல்லாரும் எடுத்துட்டுப் போற கேள்வி என்னென்னன்னு எனக்குத் தெரியும். எத்தன வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க, இந்தக் கலையோட சிறப்பு என்ன, இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புறீங்க. இந்தக் கடைசிக் கேள்விய சட்டம் போட்டுத் தடை பண்ணணும். எண்பது வயசு ஆளு அதுக்கு என்ன சொல்லுவாரு, "நல்லா படிக்கணும் தம்பி, பெரியவங்கள மதிக்கணும்"ம்பாரு, நீங்களும் தலையாட்டிட்டு வந்துடுவீங்க. அதுக்கு அவரு எதுக்கு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போனாப் போதாதா.

நான் இத்தன நாள் இந்த வேலையில சுத்துனதுல புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். கேட்டா வராது. பாட்டும் சரி, தொழில் விவரமும் சரி, அது எந்த வேலைக்காக உண்டாச்சோ, எந்த ஆளுங்களுக்கு நடுவுல உண்டாச்சோ, அங்க இருந்தாத்தான் வரும். நாம செய்ய வேண்டியது அந்த எடத்துல அந்த நேரத்துல போய் உக்கார்றதும் வாய மூடிக்கிட்டு இருக்கறதும்தான்.

கம்பர் கதை ஒண்ணு சொல்லுவாங்கல்ல, ஏத்தம் எறைக்கிறவன் பாடுன கதை. மூங்கில் இலை மேல தூங்குற பனித்துளியப் பத்தி ஒரு அடி பாடிட்டு அவன் வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிட்டான், அடுத்த அடி என்னவா இருக்கும்னு கம்பர் ராத்திரி பூரா தூங்காமப் புரண்டுட்டு மறுநாள் காலைல வயலுக்கே வந்து நின்னாராம், சூரியன் வந்து அந்தப் பனிய வாங்கிக்கிறதா அவன் முடிச்சானாம். நடந்ததோ கட்டுனதோ, எனக்கு அதுல புடிச்ச விஷயம் வேற. கம்பர் அவன் வீட்டுக் கதவத் தட்டி "அடுத்த அடி என்னய்யா"ன்னு கேக்கல. ஏத்தம் மறுபடி எறைக்கிற வரைக்கும் காத்திருந்தாரு. ஏத்தப்பாட்டு பாதிக்கு மேல எண்ணிக்கைதானே, எத்தன சால் தண்ணி எறைச்சோம்னு கணக்கு வச்சுக்க ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே பாடுறது. பம்புசெட்டு வந்ததும் எண்ண வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு, பாட்டும் போச்சு. "நம்ம ஜனங்க பாரம்பரியத்த மறந்துட்டாங்க"ன்னு மேடையில பொலம்புறவங்க இதக் கொஞ்சம் யோசிக்கணும், யாரும் மறக்கல, எறைக்கறத நிறுத்திட்டாங்க.

நான் கும்பகோணத்துக்குப் பக்கம். எங்க பக்கத்து கிராமத்துல ஒரு அம்மா, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், நடவுப்பாட்டு நல்லாப் பாடுவாங்கன்னு சொல்லி அவங்க பேரனே என்னக் கூட்டிட்டுப் போனான். பிளாஸ்டிக் சேர் ஒண்ண எடுத்து அது மேல இருந்த துணியெல்லாம் உதறித் தள்ளிட்டு அந்தம்மாவ உக்கார வச்சான், சட்டையில குத்துற மைக்க சேலைத் தலைப்புல குத்துனோம், ஆயா பாடுன்னான். ரெண்டு அடி பாடுனாங்க. மூணாவது அடி வரல. "மறந்து போச்சுப்பா, வயசாயிடுச்சுல்ல"ன்னு சிரிச்சாங்க. இந்த எடத்துல பல பேரு "பாவம் ஞாபகம் போயிடுச்சு"ன்னு எழுதிக்கிட்டு கெளம்பிடுவாங்க.

ஞாபகம் எங்கயும் போகல. நடவுப்பாட்டு தனியாப் பாடுற பாட்டே கிடையாது. ஒருத்தி எடுத்துக் குடுப்பா, வரிசையில நிக்கிற மத்தவங்க எல்லாம் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவாங்க, அவங்க திருப்பிப் பாடுற அந்த நேரத்துலதான் எடுத்துக் குடுக்குறவ அடுத்த அடிய யோசிப்பா. பாட்டோட கட்டுமானமே அப்படி. திருப்பிப் பாட ஆள் இல்லன்னா யோசிக்க நேரம் எங்க இருக்கு, மூச்சு வாங்க நேரம் எங்க இருக்கு. அப்புறம் பேரன அனுப்பி ரெண்டு வீடு தள்ளி இருந்த அவங்க ஓரகத்திய கூப்பிட்டு வரச் சொன்னேன், அந்தம்மா வெத்தலைய மென்னுக்கிட்டே வந்து தரையில உக்காந்தாங்க, உடனே இவங்களும் சேர விட்டுட்டு எறங்கித் தரையில உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசல. ஒருத்தர் எடுக்க ஒருத்தர் வாங்க அரை மணி நேரத்துக்கு மேல போச்சு, நடுவுல பெரிய சண்டை வேற. ஒரு அடியில வரப்புல குடை புடிச்சு நிக்கிற காரியக்காரர, அதான் பண்ணை வேலைய மேற்பார்வை பாக்குறவர, கேலி பண்ற எடம், அதுல எந்தக் காரியக்காரர் பேரு வரணும்னு தகராறு. "அவரு நம்ம காலத்துல ஏது, அவரு செத்தப்புறம்தான நீ வாக்கப்பட்டு வந்தே"ன்னு இவங்க, "எங்க ஊர்ல இப்படித்தான் பாடுவோம், உங்க ஊர்க்காரிங்க மாத்திட்டீங்க"ன்னு அவங்க. பாட்டுல பேரு மாத்திக்கிட்டே இருப்பாங்க, அன்னிக்கு எந்தப் பண்ணையில நடவோ அந்தப் பண்ணை ஆளு பேரு வந்து உக்காரும்ங்கிறது அந்தச் சண்டையிலதான் எனக்கே தெளிவா வெளங்குச்சு. எந்தக் கேள்வி கேட்டு இத நான் வாங்கியிருக்க முடியும்?

இதுல இன்னொண்ணும் இருக்கு, எங்க வச்சு ரெக்கார்டு பண்றோம்ங்கிறது. நடவு வேலை பாத்தவங்க பெரும்பாலும் தலித் பெண்கள், நெலம் வேற ஆளுங்களோடது. நெலத்துக்காரர் வீட்டுத் திண்ணையில வச்சுப் பாடச் சொன்னா அந்த வீட்டுக்காரர வாழ்த்துற பாட்டுத்தான் வரும். அவங்க தெருவுல, அவங்க வேப்ப மரத்தடியில வச்சுக் கேட்டாத்தான் மத்தது வரும். கூட யாரு வர்றாங்கங்கிறதையும் பாக்கணும், ஊர்ப் பெரிய மனுஷர் யாராவது "நான் இருக்கேன், எல்லாரும் பாடுவாங்க வாங்க"ன்னு கூடவே வந்தா அன்னிக்கு மைக்க வெளிய எடுக்காம டீ குடிச்சிட்டு வந்துடறது நல்லது.

பாட்டு மட்டும் இல்ல, இந்தப் பக்கத்துல வயசான விவசாயத் தொழிலாளிங்ககிட்ட உக்காந்தா பண்ணையாருங்க சாணிப்பால் குடிக்க வச்சது, சவுக்கால அடிச்சது, கம்யூனிஸ்டுகளோட செங்கொடி சங்கம் வந்தது, அதக் கட்டுன தலைவர் பி.சீனிவாசராவ் பேரு, 1952ல வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் வரும், ஆனா சட்டம்னோ வருஷம்னோ வராது. "எங்கப்பாரு முழங்காலுக்குக் கீழ வேட்டி கட்ட ஆரம்பிச்ச வருஷம்" அப்படின்னுதான் வரும். வருஷம் என்னன்னு நேரா கேட்டா அவங்க சங்கடப்பட்டுப் போயிடுவாங்க, படிக்காதவங்கன்னு நாம சுட்டிக்காட்டுற மாதிரி ஆயிடும். எங்க ஊர்ப் பக்கத்துக்கு இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. மகாமகம். பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதால 1956, 1968, 1980, 1992ன்னு அதுவே ஒரு அளவுகோல். "இது நடந்தப்போ மகாமகம் வந்துடுச்சா, அந்த மகாமகத்துக்கு நீங்க யார் கூடப் போனீங்க, அப்ப கல்யாணம் ஆயிடுச்சா, கையில புள்ள இருந்துச்சா"ன்னு பேசிக்கிட்டே போனா ரெண்டு மூணு வருஷ வித்தியாசத்துல காலத்தப் புடிச்சிடலாம். 52 புயல், 77 புயல், ஐஆர் எட்டு நெல்லு வந்தது, எம்ஜிஆர் செத்தது, இதெல்லாம் நடுவுல உதவிக்கு. ஒரு தாத்தா "அந்த மகாமகம் முடிஞ்சு அந்த வருஷக் கடைசியிலதான் வெண்மணி"ன்னாரு. 1968 மாசி மகாமகம், 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி, தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள்ல 44 பேர குடிசையோட வச்சு எரிச்சது. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசல, நானும் பேசல, ரெக்கார்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவுற ஆளுங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சரி, தொழில்காரங்க பக்கம் வரேன். இங்க சிக்கல் வேற மாதிரி. நடவுப்பாட்டு அம்மாகிட்ட யாரும் போறதில்ல, ஆனா நரசிங்கம்பேட்டைக்கு எல்லாரும் போறாங்க. அங்க செய்ற நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கெடச்சதுக்கப்புறம் கேமரா தூக்கிட்டு வராத ஆளே இல்ல. அதனால அங்க இருக்க ஆச்சாரிங்களுக்கு என்ன சொல்லணும்னு மனப்பாடமா இருக்கு. போய் உக்காந்த உடனே நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை கதை வரும். முன்னாடியெல்லாம் சுருதி ஒசந்த, நீளம் கம்மியான திமிரி நாயனம்தான், டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆச்சாரி பல தடவ செஞ்சு பாத்து 1950கள் நடுவுல நீளம் அதிகமான, சுருதி எறங்கின பாரி நாயனத்தக் கொண்டு வந்தாரு, சுத்த மத்திமம்ங்கிற சுரம் அதுல சரியாப் பேசுச்சு. திருவாவடுதுறை அங்கேருந்து கூப்புடு தூரந்தான், அதனால பிள்ளைவாள் அடிக்கடி வந்து ஊதிப் பாத்திருப்பாரு. நல்ல கதைதான், உண்மையும்தான், இன்னிக்கு கச்சேரி மேடையில நாம கேக்கறதெல்லாம் பாரிதான். ஆனா அத இன்னொரு தடவ ரெக்கார்டு பண்ணி என்ன பண்றது, யூடியூப்ல நூறு இருக்கு.

நான் அந்தக் கதைய மரியாதையா முழுசா கேப்பேன், குறுக்க பேச மாட்டேன். அது முடிஞ்சப்புறம் மூலையில சாத்தி வச்சிருக்க கட்டையக் காட்டி "இது எந்த வீட்டு உத்தரம்ணே"ன்னு கேப்பேன். அவ்வளவுதான், ஆளே மாறிடுவாரு. நாயனத்துக்கு ஆச்சா மரம்தான், அதுவும் பச்சை மரம் ஆகாது, பழைய வீடு இடிக்கிறப்போ வர்ற தூணு, உத்தரம், எழுபத்தஞ்சு நூறு வருஷம் காஞ்ச கட்டை வேணும். அப்ப ஒவ்வொரு கட்டைக்கும் பின்னாடி ஒரு வீடு இருக்கு, ஒரு பாகப்பிரிவினை இருக்கு, இடிக்கிற காண்ட்ராக்டர்கிட்ட பேரம் பேசுனது இருக்கு, லாரியில ஏத்தி வந்து அறுத்துப் பாத்தா உள்ள ஆணி ஓட்டையா இருந்து தலையில கை வச்சது இருக்கு. ஒருத்தர் கட்டைய நகத்தால சுண்டிச் சுண்டிக் காமிச்சாரு, இது பேசும், இது பேசாதுன்னு ரெண்டு கட்டைய. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து ஹெட்போன் போட்டுக் கேட்டப்போ ரெண்டாவது கட்டை சுண்டுன உடனே சத்தம் செத்துப் போறது தெரிஞ்சுது. அந்த நாலு செகண்டு என்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தியான ரெக்கார்டிங்கு.

அப்புறம் இன்னொரு கேள்வி, கயிறு யாரு இழுத்தது. கைக்கடைசல்ல ஒரு ஆளு உளி புடிக்கணும்னா இன்னொரு ஆளு கயிறு இழுத்து கட்டையச் சுத்தணும். உளி புடிச்சவரு பேரு எல்லாருக்கும் தெரியும். கயிறு இழுத்தது யாருன்னு கேட்டா உள்ளேருந்து ஒரு குரல் வரும், "நாங்கதான்". அந்த வீட்டு அம்மா. அன்னிக்குப் பாதி நேரம் அவங்கதான் பேசுனாங்க, எந்த வேகத்துல இழுத்தா உளி துள்ளும், எப்ப நிறுத்தணும்ங்கிறத சத்தத்த வச்சே கண்டுபுடிக்கிறது எப்படின்னு. வீட்டுக்காரருக்கே அதுல சில விஷயம் புதுசு போல, உளியக் கீழ வச்சுட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு.

"கடைசிக் கலைஞர்"னு தலைப்புப் போட்டு எழுதுறவங்களப் பத்தியும் இங்க சொல்லிடறேன். பக்கத்து ரூம்ல மகன் வேலை பாத்துக்கிட்டு இருப்பான், எதிர்த் தெருவுல பங்காளி பட்டறை வச்சிருப்பாரு, ஆனா பத்திரிகையில "இவரோடு அழியப்போகும் கலை". அதப் படிச்சிட்டு ஆர்டர் குடுக்க இருந்தவரு கூட "சரி முடிஞ்சு போச்சு போல"ன்னு வேற எடத்துக்குப் போயிடுவாரு. கஷ்டத்த எழுதக் கூடாதுன்னு சொல்லல, மரம் கெடைக்கல, வெலை கட்டுப்படியாகலன்னா அத எழுதுங்க. உயிரோட இருக்க மனுஷன் முன்னாடி நின்னுக்கிட்டு இரங்கல் கூட்டம் நடத்தாதீங்க.

உலோகச் சிலை வார்க்குற சுவாமிமலையிலயும் இதே கதைதான், அங்க மனப்பாடம் இன்னும் கெட்டி, ஏன்னா சாஸ்திரம் இருக்கு. சிலை செய்ற ஸ்தபதிகிட்ட அளவு எப்படின்னு கேட்டா தாளம், அங்குலம்னு சுலோகத்தோட வந்துடும், அது புஸ்தகத்துலயே இருக்கு. நான் பாக்கறது அவரு கையில இருக்க ஓலைய. சிலை எவ்வளவு ஒசரம் வேணுமோ அந்த நீளத்துக்கு ஒரு தென்னை ஓலைத் துண்ட நறுக்கி அத மடிச்சு மடிச்சு மூஞ்சி இவ்வளவு, கழுத்து இவ்வளவுன்னு கோடு விழ வைப்பாங்க, ஒடியோலைன்னு பேரு, ஸ்கேலும் இல்ல டேப்பும் இல்ல. அத மடிக்கிறப்போ ஒருத்தர் பேசுறதும் சும்மா உக்காந்து பேசுறதும் ஒண்ணு இல்ல. கை மடிச்சுக்கிட்டு இருக்கும், வாய் அது பாட்டுக்கு "இந்த எடத்துல எங்கப்பா கொஞ்சம் விட்டுக் குடுப்பாரு"ங்கும். அந்த விட்டுக் குடுக்கறது எந்த சாஸ்திரத்துல இருக்கு?

அவங்ககிட்ட கேக்கறதுக்கு என்கிட்ட இருக்க ஒரே நல்ல கேள்வி இதுதான், அக்கா பொண்ணுக்கு வேணும்னா இத எழுதிக்கட்டும்: "இது கெட்டுப் போச்சுன்னா எப்படித் தெரியும்?" நல்லா வர்றதப் பத்தி யாருக்கும் பெருசா பேச ஒண்ணும் இல்ல, வந்துடுச்சு அவ்வளவுதான். கெட்டுப் போனதுக்குத்தான் கதை இருக்கு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேத்துக் காச்சுன மெழுகுல உருவம் புடிச்சு, அது மேல காவேரி வண்டல் மண்ணப் பூசி, அப்புறம் வயல் மண்ணு, அப்புறம் மணல் கலந்த மண்ணு, கம்பி கட்டி, வறட்டி அடுக்கிச் சூடு பண்ணி மெழுக வெளிய எறக்கிட்டு உலோகத்த ஊத்துறாங்க. இதுல எங்க வேணா காலை வாரலாம். மெழுகுப் பக்குவம் வெயில் காலத்துக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு. உள்ள காத்து அடைச்சா ஒரு விரல் வராமப் போகும். ஒரு பெரியவரு அப்படி முழங்கைக்குக் கீழ இல்லாம வந்த ஒரு அம்மன் சிலையப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாரு, ஊத்துன அன்னிக்கு என்ன கெழமை, கூட யாரு இருந்தாங்க, மண்ணு எந்தப் படித்துறையில எடுத்தது, ஆர்டர் குடுத்தவருகிட்ட எப்படிச் சொன்னாரு, அப்புறம் அத உடைச்சு மறுபடி உருக்குறதுக்கு மனசு வராம எத்தன நாள் வச்சிருந்தாருன்னு எல்லாம். வார்ப்பு முறை மொத்தமும் அதுக்குள்ள வந்துடுச்சு, நான் "வார்ப்பு முறைய விளக்குங்க"ன்னு ஒரு தடவ கூட கேக்கல.

ஒப்பாரிக்கு வருவோம். இது இருக்கறதுலயே சிக்கலான விஷயம். சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி பாடக் கூடாது, பாடுனா ஆகாதுன்னு ஒரு பயம். எங்க அப்பாயியும் அப்படித்தான், அவ்வளவு நல்லாப் பாடுவாங்க, வீட்டுல கேட்டா தொடப்பக்கட்டைய எடுப்பாங்க. அத மூடநம்பிக்கைன்னு வாதாடி ஜெயிக்கிறது நம்ம வேலை இல்ல. சில பேரு வீட்டுக்குள்ள மாட்டேன், களத்துமேட்டுக்கு வான்னு கூப்பிடுவாங்க, சில பேரு ராகம் இல்லாம சும்மா சொல்றேன்பாங்க, சில பேரு கடைசி வரைக்கும் மாட்டாங்க, விட்டுடணும். சாவு வீட்டுல போய் போன நீட்டிக்கிட்டு நிக்கலாமான்னா, அந்த வீட்டு ஆளுங்களே வந்து எடுத்து வையின்னு சொல்லாத வரைக்கும் கூடாது.

அதுக்கு மேல ஒரு விஷயம், ஒப்பாரியில செத்தவங்களப் பத்தி மட்டும் இருக்காது, பாடுறவங்களோட மொத்த மனக்குறையும் இருக்கும். சொத்துல பங்கு குடுக்காத அண்ணன், சோத்துக்கு அலைய விட்ட மருமக, தாலி அறுத்து வந்தப்போ வாசல்ல நிக்க வச்ச கொழுந்தன், எல்லாரும் பாட்டுல வருவாங்க. இதெல்லாம் நேருல பேசுனா சண்டை, பாட்டுல வந்தா யாரும் எதுவும் சொல்ல முடியாது, அதுக்காகத்தான் அந்தப் பாட்டே. இப்ப அத நீங்க ரெக்கார்டு பண்ணி யாராவது ஃபேமிலி க்ரூப்புல போட்டு விட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. அதனால நான் ரெண்டு தடவ சம்மதம் கேக்கறது. ஆரம்பிக்கிறப்போ ஒரு தடவ, அது சும்மா, அவங்க என்ன பாடப் போறாங்கன்னு அவங்களுக்கே அப்ப தெரியாது. பாடி முடிச்சு அவங்களுக்கே போட்டுக் காமிச்சிட்டு இன்னொரு தடவ, அதுதான் கணக்கு. ஒரு அம்மா கேட்டு முடிச்சிட்டு "அண்ணன் சமாச்சாரத்த மட்டும் எடுத்துடு, அது செத்தப்புறம் வேணா போட்டுக்க"ன்னாங்க. எடுத்துட்டேன். அண்ணன் இன்னும் நல்லாத்தான் இருக்காரு, கபடி கமெண்ட்ரி குடுக்குறாரு.

நமக்கு முன்னாடி இதச் செஞ்சவங்க எல்லாம் இவ்வளவு வசதி இல்லாமச் செஞ்சாங்க. பெர்சி மக்வீன்னு ஒரு வெள்ளைக்கார ஐசிஎஸ் அதிகாரி சேத்து வச்ச பாட்டுகள கி.வா.ஜகந்நாதன் பதிப்பிச்சு, எங்க தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல 1958ல மலையருவின்னு புஸ்தகமா வந்துச்சு. நா.வானமாமலை ஊர் ஊரா நண்பர்கள வச்சுக் கதைப்பாட்டும் நாட்டுப்பாட்டும் திரட்டுனாரு. எழுத்தாளர் கி.ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்ச அகராதியாவே போட்டாரு, பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல உக்காந்து கதை சேத்தாரு. இவங்க பண்ணலன்னா நமக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பேப்பர்ல வந்தது வார்த்தை மட்டும்தான், யாரு எடுத்துக் குடுத்தா, எங்க மூச்சு விட்டா, எந்த அடிக்கு எல்லாரும் சிரிச்சாங்கங்கிறது பேப்பர்ல நிக்காது. நம்ம கையில இருக்க பத்தாயிரம் ரூவா போனுக்கு அது முடியும், அத வச்சுக்கிட்டு நாம ரீல்ஸ் போட்டு பின்னாடி சோக வயலின் சேக்குறோம்.

டெக்னிக்கலா ரொம்ப இல்ல. போன ஏரோப்ளேன் மோடுல போடு, இல்லன்னா நல்ல எடத்துல லோன் வேணுமான்னு கூப்பிடுவான். ஃபேன நிறுத்து, முடியலன்னா வேற எடத்துக்குப் போ. போன நேரா தரையில வைக்காத, துண்ட மடிச்சு அது மேல வை. எம்பி3 வேணாம், வேவ் ஃபார்மட்டுல எடு, எடம் நெறைய தின்னும், பரவால்ல. ஆரம்பத்துல தேதி, ஊரு, பேசுறவங்க பேரு மூணையும் உன் குரல்லயே சொல்லிடு, ஃபைல் பேரு மாறிப் போனாலும் உள்ள இருக்கும். எழுதி எடுக்கறப்போ அவங்க பேசுனத நீ திருத்தாத, "வந்துச்சுங்க"ன்னா "வந்ததுங்க"ன்னு எழுதாத. முக்கியமானது, பேட்டி முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு உடனே ஆஃப் பண்ணாத, ஓடட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்படியே விடு. காபி வர்ற நேரத்துலதான் "அது கெடக்கட்டும், இன்னொண்ணு சொல்றேன் கேளு"ன்னு ஆரம்பிப்பாங்க.

எடுத்தத அவங்களுக்கே திருப்பிக் குடுக்கணும், இது மரியாதைக்காக மட்டும் சொல்லல. அந்த நடவுப்பாட்ட பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டு வந்தேன். பேரன் அத டிவில மாட்டி தெருவுக்கே கேக்குற மாதிரி வச்சிருக்கான். ரெண்டு நாள்ல போன் வருது, "அண்ணே, கீழத்தெரு ஆயா ஒண்ணு வந்து எங்காயா தப்பாப் பாடிருக்குன்னு சண்டை போடுது, மூணாவது பாட்டுக்கு முன்னாடி இன்னொரு பாட்டு இருக்காம், நீங்க வந்து அதையும் எடுத்துட்டுப் போகணுமாம்." போனேன். அந்த ஆயா தனியா வரல, கூட நாலு பேர கூட்டிட்டு வந்திருந்தாங்க, நடவுக்கு முன்னாடி போடுற குலவையிலேருந்து ஆரம்பிச்சாங்க. ஒரு பாட்ட ரெக்கார்டு பண்ணிக் கொண்டு போய் ஏதோ ஆபீஸ் அலமாரியில பூட்டி வச்சிருந்தா இந்த நாலு பேரு எனக்குத் தெரிஞ்சே இருக்க மாட்டாங்க. ஒரு ஆபீஸ்ல அப்படித்தான் என்கிட்ட இருக்க எல்லாத்தையும் டிவிடியில போட்டுக் குடுங்கன்னாங்க, பொதுமக்கள் வந்து கேக்கலாமான்னு கேட்டதுக்கு "கடிதம் குடுத்தா பரிசீலிப்போம்"னாங்க. நான் குடுக்கல.

இன்னும் ஒண்ணு, ஆளுங்கள தேடிப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பரணப் பாருங்க. எண்பதுகள்ல தொண்ணூறுகள்ல துபாய், சிங்கப்பூர் போனவங்க இருக்க வீடுகள்ல கேசட்டுல பேசி அனுப்பிக்குவாங்க, கல்யாணத்துல டேப் ரெக்கார்டர வச்சிருப்பாங்க, தாத்தா பாடுறத யாராவது விளையாட்டா புடிச்சிருப்பாங்க, அது மேல பாதி சினிமாப் பாட்டு பதிஞ்சிருக்கும். பூஞ்சை புடிச்ச கேசட்ட அப்படியே பிளேயர்ல போட்டுச் சிக்க வச்சுடாதீங்க, முதல்ல வெளிய எடுத்து ஈரம் இல்லாத எடத்துல வைங்க, டேப்பு ஒட்டிக்கிட்டு இருந்தா பலவந்தமா சுத்தாதீங்க. டெக்குல இருக்க ரப்பர் பெல்ட் இத்தன வருஷத்துல உருகிப் போயிருக்கும், மாத்தாம ஓட்டுனா ஸ்பீடு தப்பாகி தாத்தா குரல் பேய்க் குரலா கேக்கும். என்கிட்ட நல்லா ஓடுற டெக்கு ஒண்ணு இருக்கு, பெல்ட் போன மாசம்தான் மாத்துனேன். கும்பகோணம், மாயவரம் பக்கம் இருக்கவங்க கேசட்ட எடுத்துட்டு ஞாயித்துக்கெழமைல வாங்க, கூரியர்ல மட்டும் அனுப்பாதீங்க. கேசட்டுல இருக்கவங்க யாரு எவருன்னு தெரிஞ்ச ஒரு பெரியவரையும் முடிஞ்சா கூடக் கூட்டிட்டு வாங்க, ஓட்டுறப்போ அவரு பேசறதையும் சேத்து எடுத்துக்கலாம்.